சிங்கக் குகையில் மூன்றாம் எண் வெளிச்சம்

ஒரு காட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது. காட்டில் எப்படி மீன்தொட்டி வரும் என்று கேட்காதீர்கள். சிங்கம் பேசியது, நரி கோப்பு பார்த்தது என்றால் மட்டும் தலையாட்டிக் கேட்கிறீர்கள். ஒரு கண்ணாடித் தொட்டிக்கு மட்டும் ஆதாரம் கேட்பது நியாயமில்லை.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காட்டோரத்துப் பங்களாவில் ஒருவர் குடியிருந்தார். அவருக்கு மாற்றல் வந்தது. நாற்காலி, மெத்தை, ஊறுகாய் ஜாடி எல்லாம் லாரியில் ஏறின. தொட்டிக்கு மட்டும் இடமில்லை. "போனவுடன் ஆள் அனுப்புகிறேன்" என்று மீன்களிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆள் வரவில்லை. யானை வந்தது.

யானை தொட்டியைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டுபோய் சிங்கத்தின் குகையில் வைத்தது. பங்களாக் கூரையிலிருந்த சோலார் தகட்டைக் குரங்குகள் பிடுங்கிவந்து குகைக்கு மேலே பாறையில் சாய்த்து, கம்பியை உள்ளே விட்டன. தொட்டியின் தலைமாட்டில் ஓர் எல்.இ.டி. விளக்கு. விளக்குக்கு ஒரு திருகு. திருகைச் சுற்றி ஒன்று முதல் பத்து வரை எண்கள். இந்தக் கதையில் வருகிற தொல்லையெல்லாம் அந்தத் திருகால் வந்ததுதான். வெறும் சுவிட்ச் மட்டும் இருந்திருந்தால் ஆளாளுக்குக் கருத்துச் சொல்லியிருக்க முடியாது.

தொட்டிக்குள் ஒரு கெண்டைத் தம்பதி இருந்தது. பெண்டாட்டி பேர் பவளாயி, புருஷன் பேர் வடமலை. அவர்களோடு நீர்ப்பிரம்மிச் செடி ஒரு புதர், நாடாபோல் நீண்ட இலையுள்ள செடி ஒரு வரிசை, மூலையில் ஒரு நத்தை.

வடமலை கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண்டாட்டியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். வீண் சண்டைக்குப் போகமாட்டான். ஒரே ஒரு குறை, அவனுடைய வாய் எப்போதும் அவனுக்கு அரை அங்குலம் முன்னால் போகும். வாய்க்குள் போனபிறகுதான் அது என்ன என்று யோசிப்பான். பங்களாவில் செடி அடர்ந்து கிடந்தது, ஆபத்தில்லை. யானை தூக்கிவந்த குலுக்கலில் பாதிச் செடி வேரோடு பெயர்ந்துவிட்டது. குகைக்கு வந்த முதல் மாதமே பவளாயிக்கு முப்பத்தொரு குஞ்சு பொரித்தது. ஒளிய இடமில்லை. முப்பத்தொன்றையும் வடமலை தின்றுவிட்டான்.

"வேணும்னு செய்யல பவளாயி. கொசுப்புழுன்னு நெனச்சேன்" என்று அழுதான்.

"முப்பத்தொண்ணையுமா?"

"கடைசி ரெண்டு வாய்க்குள்ள போறப்போதான் சாடை தெரிஞ்சுது. என் மூக்கு."

மீன் அழுதால் தண்ணீரில் தெரியாது. ஆனால் அவன் நிஜமாகவே அழுதான். தினமும் அந்த முப்பத்தொன்றையும் நினைத்து அழுவான். அழுதுகொண்டே எதிரில் மிதக்கிற எதையாவது கொத்துவான். இப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? பவளாயி அவனைத் திருத்தப் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் இருப்பவனைத் திருத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த முட்டை வைப்பதற்குள் செடியைப் புதராக்கிவிட வேண்டும், குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து வளர வேண்டும், அப்பன் வாயைவிடப் பெரிதாகும்வரை வெளியே வரக்கூடாது. இதுதான் அவள் திட்டம். அதற்கு அவளுக்கு இரண்டு மாதம் இருந்தது.

செடி வளர என்ன வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பங்களாக்காரர் ஒரு வருஷம் அந்தத் திருகோடு மல்லுக்கட்டியதை அவள் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள். முதலில் இரண்டில் வைத்தார். இலை வெளுத்து, அழுகி, உதிர்ந்தது. கோபத்தில் ஏழில் வைத்தார். பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பாசி. கடைசியில் மூன்றில் வைத்து, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் எரியவிட்டார். செடி சிரித்துக்கொண்டு வளர்ந்தது. குகைக்குள் வெயில் வராது, அந்த விளக்குதான் சூரியன். கம்பியை விட்ட குரங்குகள் திருகையும் கண்டபடி திருகிவிட்டுப் போயிருந்தன. ஆகவே மூன்று. ஆறு மணி நேரம்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு நரி வந்து திருகை மூன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காட்டில் எதையும் யாரும் தானாகச் செய்ய முடியாது. கூட்டம் போட வேண்டும்.

கூட்டம் போட்டார்கள். சிங்கம் தலைமை. நரி காரியதரிசி. ஆந்தை, மயில், கரடி உறுப்பினர்கள். தொட்டி சம்பந்தப்பட்டவர்கள் என்ற முறையில் பவளாயிக்கும் நத்தைக்கும் அழைப்பு. வடமலைக்கு அழைப்பில்லை, இருந்தாலும் வந்திருந்தான்.

முதலில் ஆந்தை எழுந்தது. அது குகையின் உச்சியில் ஒரு பொந்தில் வாடகையில்லாமல் குடியிருந்தது. "பகல்லதான் நான் தூங்கறேன். பூஜ்யத்துல வைங்க" என்றது.

"திருகில் பூஜ்யம் இல்லை" என்றது நரி.

"அப்ப அணைச்சிடுங்க."

"அணைப்பது வேறு துறை. இது ஒளி மட்டத்தை நிர்ணயிக்கும் கூட்டம்."

மயில் பத்து என்றது. தொட்டிப் பக்கம் திரும்பி நின்றால் தோகை ஜொலிக்கிறது என்று காரணமும் சொன்னது. அதையாவது பாராட்ட வேண்டும், சொந்த லாபத்தை ஒளிக்கவில்லை. கரடி ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தது.

பிறகு நத்தை பேசியது. நத்தையிடம் ஓர் அமரிக்கை உண்டு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நாம் ஒரு சிறு வேலையை முடித்துவிட்டு வரலாம். அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவர் தவறாகச் சொல்லமாட்டார் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

"செடிக்குச் சாப்பாடு... வெளிச்சம்" என்றது நத்தை. எல்லாரும் தலையாட்டினார்கள். "சாப்பாடு அதிகமானா... வளர்ச்சி அதிகம்." மறுபடியும் தலையாட்டினார்கள். "திருகுல பெரிய எண்... பத்து." சிங்கமே தலையாட்டியது. ஆக, நத்தை ஒளி வல்லுநர் ஆகிவிட்டது.

பவளாயி மேலே வந்து தலையை நீட்டினாள். "மகாராசா, செடிக்கு வெளிச்சம் மட்டும் போதாதுங்க. வெளிச்சம்ங்கிறது வேலை வாங்குற மேஸ்திரி மாதிரி. கூலியாளுக்குச் சோறும் இல்ல, மூச்சு விடக் காத்தும் இல்ல, மேஸ்திரிய மட்டும் பத்துப் பேரு நிறுத்துனா என்ன ஆகும்? ஆளு படுத்துருவான். செடி திங்க முடியாம மிச்சம் விடுற வெளிச்சத்த எல்லாம் பாசி திங்கும். பாசி வந்தா செடிய மூடிரும். மூணுல வைங்க. ஆறு மணி நேரம் போதும்."

"இதற்கு ஆதாரம்?" என்றது நரி.

"நான் உள்ளதான குடியிருக்கேன்."

"குடியிருப்பது ஆதாரம் ஆகாது. குடியிருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு பக்கச் சாய்வு இருக்கும்."

"நத்தையும் உள்ளதான இருக்கு?"

"அவர் வல்லுநர்."

நத்தை பாசி தின்று உயிர் வாழ்கிற பிராணி என்பது அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. தெரியாமல் இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

முடிவெடுப்பதற்கு முன் சிங்கம் சோதித்துப் பார்க்க விரும்பியது. நரி திருகைப் பத்துக்குத் திருப்பியது. வெளிச்சம் பொங்கிச் சிங்கத்தின் முகத்தில் விழுந்தது. சிங்கம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. பிடரி முழுக்கத் தங்கம். அதுவரைக்கும் குட்டைத் தண்ணீரில் அலை அடிக்க அடிக்கத் தன் முகத்தைப் பார்த்த சிங்கம் அது. ரொம்ப நேரம் நகரவே இல்லை.

"வாக்கெடுப்பு" என்றது நரி.

அந்தக் காட்டில் வாக்கு என்பது முன்னங்காலைத் தூக்குவது. ஆதிகாலத்து வழக்கம். பறவைகளுக்கு முன்னங்கால் ஏது என்று ஒருமுறை வழக்கு வந்து, இருக்கிற இரண்டில் எது முன்னே நிற்கிறதோ அது முன்னங்கால் என்று தீர்ப்பாகிவிட்டது. பாம்புகள் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. நத்தைக்கு உடம்பே கால்தான். அது தன்னை மொத்தமாகத் தூக்கிக் காட்டியது, ஒரு வாக்கு. சிங்கம், மயில், நரி, மூன்று வாக்கு. கரடி தூக்கத்தில் காது சொறிந்தது, அதுவும் ஒரு வாக்கு. ஆந்தை எதிர்த்துக் காலைத் தூக்கி, மிச்சமிருந்த ஒரு காலில் நிற்க முடியாமல் பொந்திலிருந்து விழுந்தது. கீழே விழுந்த வாக்கு செல்லாது.

பவளாயி துடுப்பைத் தூக்கினாள். நரி அவளைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் 'நீந்தினார்' என்று எழுதிக்கொண்டது.

திருகு பத்தில் நின்றது. காலையில் எரிய ஆரம்பித்தால் சிங்கம் தூங்கப் போகும்வரை எரிந்தது. ஆந்தை மூட்டை கட்டிக்கொண்டு வேறு குகை தேடிப் போனது.

பவளாயி விடவில்லை. மனுக் கொடுக்கலாம் என்று நரியே சொல்லியிருந்தது. 'ஒளி மட்டத்தை மூன்றாகக் குறைத்து, ஆறு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, பாசி வந்தால் அகற்றக் கோரி' என்று ஒரு பூவரச இலையில் எழுதிக் கொடுத்தாள். நரி அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தது.

"காலடி எங்கே?"

"என்னாது?"

"மனுதாரர் காலடி பதிக்க வேண்டும்."

"எனக்குக் கால் கிடையாதுங்க."

"கால் இருக்கும் ஒருவர் உங்களுக்காகப் பதிக்கலாம். ஆனால் அவர் தண்ணீருக்குள் வசிப்பவராக இருக்க வேண்டும்."

தண்ணீருக்குள் வசிக்கும் கால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பவளாயி பல்லைக் கடித்துக்கொண்டு நத்தையிடம் போனாள். நத்தை மறுப்பே சொல்லவில்லை. இலை மேல் ஊர்ந்து, ஈரமாக ஒரு முழக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

"உனக்கு விரோதமான மனுவுக்கு நீயே காலடி வைக்கிறியே?" என்றாள் பவளாயி.

"விரோதம்... என்ன தாயி. மனு வேற... முடிவு வேற. நான் இந்தக் காட்டுல... ரொம்ப நாளா இருக்கேன்."

மனு மான் பிரிவுக்குப் போனது. அங்கே பசித்த மான் ஓர் ஓரத்தைக் கடித்துவிட்டது. ஓரம் இல்லாத மனு செல்லுமா என்று கேட்டுக் கரடி பிரிவுக்குப் போனது. கரடி அதன் மேல் தேன் அடை வைத்தது. தேன் பட்ட மனுவை எறும்புப் பிரிவு தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு போனது. பவளாயி வாரம் ஒருமுறை தலையை நீட்டிக் கேட்பாள். "பரிசீலனையில் இருக்கிறது" என்று நரி சொல்லும். நரி பொய் சொல்லவில்லை. எங்கோ யாரோ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், எறும்புகள்.

இதற்குள் அவள் சொன்னதெல்லாம் வரிசையாக நடந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசிபோல் படிந்தது. அடுத்த வாரம் செடி நுனிகளில் முடிபோல் தொங்கியது. மூன்றாவது வாரம் நீர்ப்பிரம்மி இலை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. நாடாச் செடி பழுத்து, ஒவ்வோர் இலையாகக் கழன்று மிதந்தது. தண்ணீரே பச்சையாகிவிட்டது. நத்தை மட்டும் நாளொரு சுற்றாகப் பெருத்தது. அதற்குப் 'பாசி அகற்றும் அலுவலர்' என்று இன்னொரு பதவியும் கிடைத்தது. பத்துச் சாண் பாசி வளர்ந்தால் அது அரைச் சாண் தின்னும். மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளும்.

பவளாயிக்கு நாள் நெருங்கியது. வயிறு நிறைய முட்டை. ஒளிக்கச் செடி இல்லை. அவள் அழுததை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. நீதிக்கதையில் ஒரு அளவுக்கு மேல் அழுதால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அழுகிய செடித் தண்டுகளுக்கு நடுவில், பாசிப் பஞ்சுக்குள் முட்டைகளை வைத்தாள். மூன்றாம் நாள் குஞ்சு பொரித்தது. நாற்பத்திரண்டு. அவள் ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள், இனிப் பார்க்கமாட்டோம் என்ற நினைப்பில்.

வடமலை வந்தான். வாய் முன்னால் வந்தது. குஞ்சுகள் இருந்த திசையை நோக்கி நேராக வந்து, பாசியில் முட்டிக்கொண்டான்.

"பவளாயி, இங்கதான இருக்க?"

"ஏன்?"

"ஒண்ணும் தெரியல. ஒரே பச்சையா இருக்கு. பசிக்குது வேற."

பவளாயி மூச்சை அடக்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டு குஞ்சும் அவன் மூக்குக்கு எதிரே, பாசி இழைகளுக்குள் நின்றன. அவன் திரும்பிப் போய்விட்டான். மறுநாளும் வந்தான், மறுநாளும் முட்டிக்கொண்டான். ஒரு வாரம் ஆயிற்று. நாற்பத்திரண்டும் நாற்பத்திரண்டாகவே இருந்தன. பாசிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் ஏராளம், அவற்றைத் தின்று குஞ்சுகள் வயிறு தள்ளிக்கொண்டு திரிந்தன.

எந்தப் பாசி தன் குடியைக் கெடுக்கும் என்று அவள் ஊர் முழுக்கச் சொன்னாளோ, அந்தப் பாசிதான் அவள் பிள்ளைகளுக்குத் தொட்டில். பவளாயி இதைப் பற்றி யோசித்தாள். யோசித்துவிட்டு, யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். இன்னும் மூன்று வாரம் போதும். அப்பன் வாய்க்குள் நுழையாத அளவுக்கு வளர்ந்துவிடுவார்கள்.

அப்போதுதான் நரி நல்ல செய்தியோடு வந்தது.

"பாராட்டுகள் அம்மா. உங்கள் மனு ஏற்கப்பட்டது!"

பவளாயிக்குச் செதில் சிலிர்த்தது. "எந்த மனு?"

நடந்தது இதுதான். மூன்று வாரமாகக் கண்ணாடி பச்சையாகிக் கிடந்ததால் சிங்கத்துக்குத் தன் முகம் தெரியவில்லை. அது உறுமியது. உறுமல் வந்ததும் நரி பழைய கட்டுகளைப் புரட்டியது. எறும்புகளிடமிருந்து மீட்ட ஒரு மனு, முறையாகக் காலடி பதித்து, பரிகாரத்தோடு, தயாராக இருந்தது. புதிதாக எழுதுவதைவிட அது சுலபம்.

"ஒளி மட்டம் மூன்று. ஆறு மணி நேரம். கண்ணாடி துடைக்கப்படும், பாசி முழுவதும் அகற்றப்படும். நீங்கள் கேட்டது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்" என்றது நரி. அதன் குரலில் நிஜமான பெருமை இருந்தது. அதன் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு மனுவுக்கு முடிவு கிடைத்திருந்தது.

"ஐயா, இப்ப வேண்டாங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸுக்குத் தனி மனு. அது பரிசீலனைக்கு இரண்டு மாதம் ஆகும்."

நரி திருகைப் பத்திலிருந்து மூன்றுக்குத் திருப்பியது. ஒரு குரங்கு தேக்கிலையால் முன்பக்கக் கண்ணாடியைத் தேய்த்தது. தேக்கிலை சொரசொரப்பில் பாசி சுருண்டு சுருண்டு விழுந்தது. "மத்த மூணு பக்கமும் உள்ளே இருக்கிற பஞ்சும் நாளைக் காலையில" என்று சொல்லிவிட்டுக் குரங்கு போனது.

முன்பக்கம் தெளிவாயிற்று. வடமலை அந்தப் பக்கமாக வந்தான். நின்றான்.

"பவளாயி, அந்தா, பஞ்சு ஓரமா பொடிப்பொடியா மினுங்குது. கொசுப்புழுவா?"

"தூசி" என்றாள் பவளாயி.

"நீந்துதே."

"தண்ணில தூசி நீந்தாம நடக்குமா? சும்மா போ."

அவன் போனான். வாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. நாளைக் காலை பஞ்சு போய்விட்டால் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒளிய ஓர் இலைகூட இல்லை. பவளாயி வாழ்க்கையில் ஒரே ஒரு மனுதான் கொடுத்தாள், அது நிறைவேறி அவள் பிள்ளைகளைக் கொல்லப்போகிறது.

அந்த நேரம் சிங்கம் முகம் பார்க்க வந்தது. மூன்றில் விளக்கு மிதமாக எரிந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. சிங்கம் குனிந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"அது யார்?"

நரி எட்டிப் பார்த்தது. "தாங்கள்தான் மகாராசா."

"பிடரியில் என்ன வெள்ளையாக?"

நரி எதையோ எடுக்க மறந்துபோனதுபோல் குகையின் மூலைக்குப் போய்விட்டது. பவளாயி பார்த்தாள், வழி திறந்துவிட்டது. தலையை நீட்டினாள்.

"அது நரைங்க மகாராசா. மூணுல வச்சா உள்ளது உள்ளபடி தெரியும்."

"உள்ளது உள்ளபடியா? யாரைக் கேட்டு?" சிங்கம் குகை அதிர உறுமியது. "எவன் கேட்டான் இந்த மூன்றை?"

குகை மூலையிலிருந்து நரி மனுவைத் தூக்கிக் காட்டியது. அதில் பவளாயி பெயரை மான் கடித்த ஓரம் கொண்டுபோயிருந்தது. காலடி மட்டும் இருந்தது. ஒரு முழம், ஈரமாக, நத்தையுடையது.

நத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக ஓட்டுக்குள் போனது. பவளாயிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நத்தையைப் பழிவாங்கினால் பிள்ளை பிழைக்காது. பாசி வேண்டும் என்றால் பாசிக்காரனும் வேண்டும்.

"மகாராசா, நத்தை மேல தப்பில்லைங்க. நாங்க ரெண்டு பேரும் கலந்து ஒரு யோசனை வச்சிருக்கோம்" என்றாள். ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கொம்பு மட்டும் வெளியே வந்து அவளைப் பார்த்தது. "பத்துலயே வைங்க. உள்ள இருக்கிற பாசியத் தொடவே கூடாது. முன்கண்ணாடில மட்டும், உங்க முகம் அளவுக்கு ஒரு வட்டம், நத்தை லேசா மேஞ்சு குடுக்கும். முழுசா மேயாம மெல்லிசா ஒரு பச்சை விட்டுரும். அதுல பார்த்தா வெள்ளை முடி ஒண்ணுகூடத் தெரியாது. பிடரி தளிர் மாதிரி தெரியும்."

"தளிரா?"

"எளந்தளிருங்க."

சிங்கம் உடனே செய்து பார்க்கச் சொன்னது. திருகு பத்துக்குப் போனது. நத்தை உயிர்ப் பயத்தில் நாலு மடங்கு வேகமாக ஊர்ந்து, துடைத்த கண்ணாடியில் பச்சையை மெல்லிசாகப் பூசியது. தின்பதற்குப் பதிலாகப் பூசுவது அதற்கும் புது வேலை. சிங்கம் பார்த்தது. வயசு பாதியாகக் குறைந்திருந்தது. அன்று மாலையே அறிவிப்பு வந்தது. தொட்டிப் பாசி இனி அரச பச்சை. அதைத் தொடுகிறவர்களுக்குத் தண்டனை. பவளாயி அரச ஒளி ஆலோசகர். கால் இல்லாவிட்டாலும் அவள் துடுப்பு இனிமேல் வாக்காகக் கொள்ளப்படும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு நாற்பத்திரண்டு பேரும் பாசியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வடமலை பழக்கத்தில் முதலாவது ஆளை வாயில் கவ்வினான். நுழையவில்லை. இரண்டாவது ஆளைக் கவ்வினான். அதுவும் நுழையவில்லை. அப்போதுதான் மூக்கைக் கவனித்தான்.

"எம் புள்ளைங்களா!" என்று கதறினான். "இத்தனை நாள் எங்கடா இருந்தீங்க?" எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பவளாயியும் அழுதாள். இதோடு கதையை முடித்துவிடலாம். நல்ல கதைக்காரர்கள் முடித்துவிடுவார்கள்.

நாலு மாதம் ஆயிற்று. ஓடை வற்றியதால் அங்கிருந்த ஒரு கெண்டைப் பெண்ணைக் குரங்குகள் தொட்டியில் கொண்டுவந்து விட்டன. பேர் செம்பாயி. வந்த வாரமே பாசிக்குள் முட்டை வைத்துவிட்டு, ஆலோசகரைப் பார்க்க வந்தாள்.

"அக்கா, இங்க ஏதோ மனுப் போட்டு வெளிச்சத்த மாத்துவாங்கன்னு சொல்றாங்க. எம் புள்ளைங்க பொரிச்சு வளர்ற வரைக்கும் பத்துலயே இருக்கட்டும்க்கா. பாசிதான் அதுகளுக்கு மறைவு. செடிதான் ஒண்ணுமே இல்லையே."

பவளாயி அவளைப் பரிவோடு பார்த்தாள். அவள் முகத்தில் தன் பழைய முகம் தெரிந்தது. நிஜமாகவே மனசு இளகியது. பிறகு அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்ற தன் நாற்பத்திரண்டு பேரைப் பார்த்தாள். எல்லாம் வளருகிற வயசு. எல்லாருக்கும் அப்பன் வாய்.

"முறைப்படி மனு குடு கண்ணு" என்றாள். "காலடி பதிச்சுக் கொண்டா."

"எனக்கு ஏதுக்கா கால்?"

"அதான் வழக்கம். என்ன பண்றது?"

செம்பாயி போனதும் பவளாயி நரியைக் கூப்பிட்டாள். பழைய கட்டிலிருந்து ஓரம் கடித்த மனு வெளியே வந்தது. ஏற்கெனவே ஏற்கப்பட்டது, புதிதாகப் பரிசீலிக்க வேண்டியதில்லை. சிங்கத்துக்கு இப்போது கண் மங்கிவிட்டது, எந்த வெளிச்சத்திலும் இளமையாகவே இருப்பதாக நரி சொன்னால் போதும். நத்தையும் மறுக்கவில்லை. கண்ணாடியில் ஏறமுடியாத அளவுக்கு உடம்பாகிவிட்டது அதற்கு. வெளிச்சம் குறைந்து பாசி செத்துத் தானாக அடியில் விழுந்தால் படுத்தபடியே சாப்பிடலாம்.

"இந்தத் தொட்டிக்கு மூணுதான் சரி" என்றாள் பவளாயி. "ஆறு மணி நேரம். நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?"

நரி திருகைத் திருப்பியது. மிதமான, அழகான, செடிகளுக்கு மிகப் பொருத்தமான வெளிச்சம் செடியே இல்லாத தொட்டியில் விழுந்தது. வடமலை பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றான். பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

"பவளாயி, பசிக்குது" என்றான்.

"கொஞ்சம் பொறு" என்றாள் பவளாயி. "தண்ணி தெளியட்டும்."

நீதி: எந்த அளவு வெளிச்சம் சரியானது என்பது, அன்றைக்கு யார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பசி என்பதைப் பொறுத்தது.